பாத்டப் ஓரமும் உப்பளப் பாத்தி வரப்பும்

பாத்டப் சுவரோடு சேரும் இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஓடும். அது சிலிக்கான் சீலன்ட். கறுத்துப்போய் உரிய ஆரம்பித்தால் நம்மில் பலர் அதன் மேலேயே வெள்ளை சிமென்டை அப்பிவிடுவோம். கொஞ்ச நாளில் விரிசல் விடும். தண்ணீரும் ஆளும் சேர்ந்த எடையில் தொட்டி மயிரிழை அளவாவது கீழே இறங்கும்; சுவர் இறங்காது. இரண்டுக்கும் நடுவில் இழுபடக்கூடிய பொருள் வேண்டும். சிமென்ட் இழுபடாது, சிலிக்கான் இழுபடும்.

செய்முறையும் இதிலிருந்தே வருகிறது. பழைய சிலிக்கானை முழுசா சுரண்டி எடுக்கணும், ஏன்னா புதுசு பழசு மேல ஒட்டாது. துடைத்துக் காயவிட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, இடைவெளி விரிந்திருக்கும்போதே பூசணும். 24 மணி நேரம் கழித்துத்தான் தண்ணீரைத் திறந்துவிடணும்.

இதே வேலையை ஏக்கர் கணக்கில், ஒவ்வொரு வருஷமும் செய்கிற ஊர் மரக்காணம். ஈசிஆரில் ஜனவரி வாக்கில் போனால் பார்க்கலாம். வடகிழக்கு மழை ஓய்ந்ததும் பாத்திகளில் தேங்கிய நீரை வெளியேற்றி, சேற்றை வழித்து, வரப்பு கட்டி, களிமண்ணைக் காலால் மிதிப்பார்கள். அதன் பிறகுதான் உப்புநீரே உள்ளே வரும்.

ஏன் மிதிக்கணும்? களிமண் துகள்கள் 2 மைக்ரானுக்கும் சிறியவை, தட்டுத் தட்டாக இருப்பவை. ஈரத்தோடு பிசைந்து அழுத்தும்போது நடுவிலுள்ள துளைகள் மூடிக்கொள்கின்றன. அணை, சாலைக் கரைகளில் களிமண்ணை இறுக்க ஓட்டும் ஷீப்ஸ்ஃபுட் ரோலரும் இதே தத்துவம்தான். பேரிலேயே ஆட்டுக்கால் இருக்கு பாருங்க.

ஒழுகினால் நஷ்டம் எவ்வளவு? கடல்நீரின் அடர்த்தி சுமார் 3.5 போமே டிகிரி. உப்பு பூக்க ஆரம்பிப்பது 25 டிகிரியில். அதற்குள் 10 லிட்டர் கடல்நீர் ஏறக்குறைய 1 லிட்டராக வற்றியிருக்கும். ஆக, கடைசிப் பாத்தியில் 1 லிட்டர் கசிந்தால், 9 லிட்டரை ஆவியாக்கிய வெயிலும் சேர்ந்து போச்சு.

பாத்திக்கும் பெரிய தொல்லை ஓரம்தான். நடுத்தரை நீருக்கடியில் ஈரமாகவே இருக்கும். வரப்போரம் நனையும், காயும். களிமண் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். காற்றில் எழும் அலை அதைத்தான் அரிக்கும், நண்டு வளை தோண்டுவதும் அங்கேதான்.

எல்லாவற்றுக்கும் மேல் மழை. உப்பு ஊறிய களிமண்ணில் சோடியம் அதிகம். நல்ல தண்ணீர் பட்டதும் துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து குழம்பாகக் கரையும். அதனால்தான் ஒரு மழைக்காலம் போதும், போன வருஷ வேலை முழுக்கப் போய்விடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பக்கத்து மயிலத்தில் 51 செ.மீ. மழை. மரக்காணம் உப்பளங்கள் மூழ்கின.

சிமென்ட் தரை போட்டுடலாமே என்று எனக்கும் தோன்றியது, பொறியாளர் புத்தி. ஆனால் இளகிய தரைமேல் கெட்டியான பலகை போட்டால் பாத்டப் ஓரத்துக் கதைதான்: விரிசல். விரிசலைக் களிமண்ணில் மிதித்தே மூடிவிடலாம்; சிமென்டில் உடைத்துத்தான் எடுக்கணும். ஸ்லோவீனியாவின் செச்சோவ்லியே உப்பளத்தில் தரைக்கு மேல் நுண்ணுயிர்ப் படலம் ஒன்றை வளர்க்கிறார்கள். 'பெத்தோலா' என்று பெயர். அதையும் வருஷாவருஷம் பராமரித்தே ஆகணும்.

ஆக, கசிவடைப்பு என்பது ஒருமுறை செய்து மறக்கிற காரியமில்லை. பாத்டப்பில் சில வருஷத்துக்கு ஒருமுறை, பாத்தியில் வருஷத்துக்கு ஒருமுறை. வித்தியாசம், அங்கே அதைச் செய்யும் கால்களுக்கு மழை மாதங்களில் வேலை கிடையாது. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய மழைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாய்.

அந்தப் பக்கம் போனால் வரப்போரம் நின்று பாருங்கள். போட்டோவுக்காக செருப்போடு பாத்தியில் இறங்காதீர்கள். குதிகால் பதிந்த இடத்தை யாரோ திரும்ப மிதித்து மூடணும்.