குறித்து வைத்தது எங்கே போயிற்று?

கைபேசியில் வேலைப் பட்டியல் வைத்துக்கொள்ள மென்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை: கடை மூடினால் சரக்கு திரும்பக் கிடைக்குமா?

2020 மே 6. நாடே ஊரடங்கில் முடங்கிக் கிடந்தது. சமையலறை மேசை பலருக்கு அலுவலகமாகிவிட்டிருந்த நேரம். அந்த நாளில் பெர்லினில் பிறந்த ஒரு சிறிய மென்பொருள் உயிரை விட்டது. அதன் பெயர் வுண்டர்லிஸ்ட். செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்து வைத்துக்கொண்டு, முடிந்ததும் ஒரு தட்டு தட்டி அடித்துவிடலாம். இந்த எளிமைக்காகவே அதை விரும்பியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். 2010இல் வெளியான அதை 2015இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது பயன்படுத்துவோர் எண்ணிக்கை 1.3 கோடியைத் தாண்டியிருந்தது.

வாங்கிய நிறுவனம் என்ன செய்தது? 2017இல் அதே வேலைக்கு 'டு டூ' என்ற தன் சொந்தச் சரக்கை இறக்கியது. 3 ஆண்டுகள் கழித்துப் பழையதை மூடியது. இடையில், 2019 செப்டம்பரில், வுண்டர்லிஸ்டின் நிறுவனர் கிறிஸ்டியன் ரீபர், மைக்ரோசாஃப்டின் தலைவரான ஹைதராபாத்காரர் சத்யா நாதெள்ளாவை ட்விட்டரில் பகிரங்கமாகவே விளித்து, விற்றதைத் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்புவதாகச் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. பட்டியல்களை 'டு டூ'வுக்கு மாற்றிக்கொள்ள வழி செய்யப்பட்டிருந்தது உண்மை. அறிவிப்பைக் கவனித்தவர்கள் மூட்டை முடிச்சோடு இடம் மாறினார்கள்.

அடுத்த அடி சில வாரங்களிலேயே விழுந்தது, இம்முறை தில்லியிலிருந்து. 2020 ஜூன் 29 அன்று, நாட்டின் இறையாண்மையையும் பாதுகாப்பையும் காரணம் காட்டி, மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. எல்லோரும் பேசியது டிக்டாக்கைப் பற்றி. ஆனால் அதே பட்டியலில் கேம்ஸ்கேனரும் இருந்தது. ரசீதையும் சான்றிதழையும் கைபேசியில் படமெடுத்து அதிலேயே அடுக்கி வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. முன்னது வியாபார முடிவு, பின்னது அரசின் முடிவு. பயன்படுத்தியவரை இரண்டிலும் யாரும் கேட்கவில்லை.

இந்திய வீட்டுக்குப் பட்டியல் புதிதல்ல. தினசரி கிழிக்கும் காலண்டரின் ஓரத்தில் பால் கணக்கு, வங்கி புத்தாண்டுக்குத் தந்த டைரியில் இன்ஷூரன்ஸ் தவணை, சட்டைப் பையில் மடித்த காகிதத்தில் மளிகை. இன்று இவை கைபேசிக்குள் குடியேறிக்கொண்டிருக்கின்றன. காரணம் ஒன்றுதான்: காகிதம் மணி அடிக்காது. வாகன இன்ஷூரன்ஸ் முடியும் நாள், புகைச் சான்றிதழ், மார்ச் 31க்குள் போட வேண்டிய பி.பி.எஃப். பணம், நவம்பரில் ஓய்வூதியம் பெறும் அப்பாவின் வாழ்நாள் சான்றிதழ் என்று ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தலைகாட்டும் வேலைகளை எந்த மூளையும் நம்பகமாக நினைவில் வைத்திருப்பதில்லை. தவறினால் அபராதம், இல்லையென்றால் அப்பாவின் ஓய்வூதியமே நின்றுபோகலாம்.

சரி, எதை எடுப்பது? கடைத்தெருவைச் சுற்றி வந்தால் ஒவ்வொன்றும் ஒரு குணத்தோடு நிற்கிறது. 2018இல் தனிச் செயலியாக வந்த கூகுள் டாஸ்க்ஸ் வெறும் வெள்ளைத் தாள் போன்றது. ஜிமெயிலுக்கும் கூகுள் காலண்டருக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். பணம் கேட்காது. பெரும்பாலான வீடுகளுக்கு இதற்கு மேல் தேவைப்படாது. மைக்ரோசாஃப்டின் 'டு டூ'வும் இலவசம்தான். அதன் விசேஷம் 'மை டே' என்ற பக்கம். ஒவ்வொரு நாளும் காலையில் அது காலியாக இருக்கும். முந்தைய நாள் மிச்சத்திலிருந்து இன்றைக்கு எது என்று நாமே பொறுக்கி எடுத்து வைக்க வேண்டும். 80 வேலைகளை ஒன்றாகப் பார்த்தாலே தலைசுற்றும் ஆசாமிகளுக்கு இது நல்ல மருந்து.

அதற்கு மேல் போகிறவர்களுக்கு டூடூயிஸ்ட் இருக்கிறது. போஸ்னியாவில் பிறந்து டென்மார்க்கில் வளர்ந்த அமீர் சாலிஹெஃபெண்டிச், மாணவராக இருந்தபோது தன் வேலைகளைச் சமாளிக்கத் தானே எழுதி 2007இல் வெளியிட்டது. 'மாதா மாதம் 5ஆம் தேதி வாடகை' என்பதை ஆங்கிலத்தில் ஒரே வரியாக அடித்தால் போதும், தேதியை அதுவே புரிந்துகொண்டு மாதந்தோறும் எழுப்பிக் காட்டும். இந்திய மொழிகளில் எழுதுகிறவர்கள் அந்த வசதி தங்கள் மொழியிலும் கிடைக்கிறதா என்று சோதித்த பிறகே பணம் கட்டுவது நல்லது. இலவசமாகப் பயன்படுத்துவோருக்கு 5 ப்ராஜெக்ட்டுகளோடு கதவு சாத்தப்படும். ஜெர்மனியிலிருந்து வரும் திங்ஸுக்குச் சந்தா கிடையாது, ஒருமுறை விலை கொடுத்தால் போதும். ஆனால் அது ஆப்பிள் வீட்டுப் பிள்ளை. ஆண்ட்ராய்டு கையிலிருப்பவர்கள், அதாவது இந்தியாவில் பெரும்பாலானோர், எட்டிப் பார்க்க முடியாது. அலுவலகத்தில் 6 பேர் சேர்ந்து ஒரு வேலையை நகர்த்துவதற்கு ட்ரெல்லோவின் அட்டைகள் பொருத்தம். தனி ஆளின் மளிகைப் பட்டியலுக்கு அது கல்யாண மண்டபம்.

இந்த வரிசையில் தனிக் கதை உள்ளது டாஸ்க்ஸ்.ஆர்க். ஆஸ்ட்ரிட் என்ற செயலியை 2013 மே மாதம் யாஹூ வாங்கியது. ஆகஸ்ட்டிலேயே மூடியது. வுண்டர்லிஸ்டின் கதையேதான், வேகம் மட்டும் அதிகம். ஆனால் ஆஸ்ட்ரிடின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டிருந்தது. கம்பெனி போன பிறகும் அந்த நிரலை எடுத்து வேறொருவர் தொடர்ந்து வளர்த்தார். அதுதான் இன்று ஆண்ட்ராய்டில் கிடைக்கும் டாஸ்க்ஸ்.ஆர்க். வீட்டுக்காரர் கதவைப் பூட்டினாலும் சாவி ஊர்ப் பொதுவில் இருந்ததால் வீடு பிழைத்தது.

எது சரி என்பதை விளம்பரம் சொல்லாது. ஒரு வாரச் சோதனை சொல்லும். முதல் சோதனை, மணி. 10 நிமிடம் கழித்து ஒலிக்கும்படி ஒரு நினைவூட்டலை வைத்துவிட்டு, திரையை அணைத்துக் கைபேசியை மேசைமேல் போட்டுவிட வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளைத் தூங்கவைத்துவிடும் கைபேசிகள் நிறைய உண்டு. மணி வராவிட்டால் அமைப்புகளுக்குள் போய் அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அப்போதும் வராவிட்டால் மற்ற வசதிகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இரண்டாவது, வேகம். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒரு வேலையைக் குறிக்க முடிகிறதா? வண்ணம், முக்கியத்துவம், பிரிவு என்று வரிசையாகக் கேள்வி கேட்கும் செயலியில் யாரும் பத்தாம் நாள் எழுதுவதில்லை. மூன்றாவது, சிக்னல். ரயில் சுரங்கப் பாதைக்குள் போனாலும் பட்டியல் திறக்க வேண்டும். விமான நிலையில் கைபேசியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்காவது சோதனையைத்தான் பலர் மறக்கிறார்கள்: வெளியே போகும் வழி. 10 வேலைகளைப் போட்டுவிட்டு, அவற்றைக் கோப்பாகத் திரும்ப எடுக்க முயல வேண்டும். கூகுளிலிருந்து டேக்அவுட் சேவை மூலம் எடுக்கலாம். டூடூயிஸ்ட் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டையும் அட்டவணைக் கோப்பாகத் தரும். வெளியேறும் வழியே கண்ணில் படாத செயலியில் 5 ஆண்டு வாழ்க்கையைக் குடிவைப்பது புத்திசாலித்தனம் அல்ல.

சட்டம் காப்பாற்றாதா? இங்கேதான் சிக்கல். ஒரு நிறுவனத்திடம் உள்ள தன் தகவல்களை வாங்கி இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும் உரிமையை ஐரோப்பியக் குடிமகனுக்கு 2018 முதல் அமலில் உள்ள சட்டம் தருகிறது. இந்தியாவிலும் 2019இல் மக்களவைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு மசோதாவில் அந்த உரிமை இருந்தது. 2022இல் மசோதா திரும்பப் பெறப்பட்டது. அடுத்து வந்த 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது காணாமல் போயிருந்தது. தகவல்களைத் திருத்தக் கேட்கலாம், அழிக்கக் கேட்கலாம். கட்டிக்கொண்டு போகிறேன் என்று உரிமையோடு கேட்க முடியாது. ஆகவே முதல் நாளே வாசலைப் பார்த்து வைப்பது பயன்படுத்துகிறவரின் பொறுப்பு. மாதம் ஒருமுறை பட்டியலை நகலெடுத்து வைப்பதும் அப்படித்தான்.

இத்தனை சிரமப்பட்டு எழுதி வைப்பதால் வேலை நடந்துவிடுமா? இந்தக் கேள்விக்கும் பெர்லினில் ஒரு வேர் உண்டு. அங்கே ஆய்வு செய்த ப்ளூமா ஸைகார்னிக், முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலையே மனதில் அதிகம் தங்குகிறது என்று 1927இல் எழுதினார். பின்னால் நடந்த எல்லாச் சோதனைகளும் அதே விடையைத் தரவில்லை. ஆனால் 2011இல் அமெரிக்க உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பௌமைஸ்டரும் இன்னொன்றைக் காட்டினார்கள். எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக முடிவு செய்துவிட்டாலே, முடியாத வேலை மற்ற நினைப்புகளில் குறுக்கிடுவது அடங்குகிறது.

வீட்டு மொழியில் சொன்னால், 'வருமான வரி' என்று எழுதி வைப்பது வேலை அல்ல, கவலை. 'சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஆடிட்டருக்கு ஃபாரம் 16 அனுப்ப வேண்டும்' என்பதுதான் வேலை. முதலாவதை எந்த விலையுயர்ந்த செயலியில் எழுதினாலும் அது அங்கேயே கிடக்கும். இரண்டாவதைக் காலண்டர் ஓரத்தில் எழுதினாலும் நடந்துவிட வாய்ப்பு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுச் செயலிக்குத் தாவி, பழைய பட்டியலைப் புதிதில் அழகாக அடுக்குவதையே வேலையாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் குறைவது செயலி அல்ல, இப்படியொரு வரி.

வங்கி தந்த டைரியை எந்த நிறுவனமும் விலைக்கு வாங்கி மூடிவிட முடியாது. ஆனால் அது மணி அடிக்காது. கைபேசி மணி அடிக்கும், நாளைக்கு இருக்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை. இரண்டில் எதை எடுத்தாலும், மணி அடித்த பிறகு எழுந்து போக வேண்டியவர் எப்படியும் எழுதி வைத்தவர்தான்.