மண்ணீரல் காயம்: கத்தி படாமலும் ஆறும்

கோவில்பட்டிப் பக்கம் கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும். சைக்கிளில் வரும் மாணவர் விழுந்து, "ஹேண்டில்பார் வயிற்றில் குத்திவிட்டது சார்" என்றால், வெளிக்காயம் இல்லையே என்று நான் விட்டுவிடுவதில்லை.

இடது விலா எலும்புகளுக்கு அடியில் உள்ள மண்ணீரல், இரத்தம் நிறைந்த மென்மையான உறுப்பு. பலத்த அடிபட்டால் அது கிழிந்து உள்ளுக்குள் இரத்தம் கசியும். முன்பெல்லாம் அதை அகற்றிவிடுவார்கள். மண்ணீரல் இழந்த குழந்தைகளைக் கடும் நோய்த்தொற்று தாக்குவதை 1952-இல் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். அறுவையின்றியும் காயம் ஆறுவதை 1968-இல் இந்திய மருத்துவர் உபாத்யாயா, சிம்சனுடன் இணைந்து எழுதினார்.

இன்று, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் நிலையாக இருந்தால், ஸ்கேன் எடுத்து, மருத்துவமனையில் படுக்கவைத்துக் கண்காணிக்கிறார்கள். இரத்தக்கசிவு நிற்காவிட்டால் அறுவை தேவைப்படும்.

அடிபட்ட பிள்ளைக்கு வயிற்றுவலி, இடது தோள்வலி, முகவெளுப்பு, வியர்வை, மயக்கம் தெரிந்தால், உண்ணவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல் படுக்கவைத்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வலி சில மணி நேரம் கழித்தும் வரலாம், பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள்.

குணமாகித் திரும்பும் பிள்ளை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால், ஆறிவரும் காயம் மீண்டும் கிழியலாம். மருத்துவர் அனுமதிக்கும்வரை கபடியும் ஓட்டமும் வேண்டாம். மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையை யாரும் சோம்பேறி என்று சொல்லாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பே.