குச்சியைக் கொண்டு வர வேண்டாம்; படம் கொண்டு வாருங்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளி பயிரிடும் விவசாயிகளிடம் நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு. பயிரில் கோளாறு தென்பட்டால் வாடிய கொழுந்தை ஒடித்துத் துண்டில் சுற்றிக்கொண்டு, பஸ் ஏறி அலுவலகத்துக்கு வந்து காட்டுவார்கள். பயிர் மேல் உள்ள அக்கறையால் செய்யும் காரியம்தான் இது. என்றாலும் மாவுப்பூச்சி தாக்கிய பயிரைப் பொறுத்தவரை இந்த வழக்கத்தைக் கைவிடுவதே நல்லது. மாவுப்பூச்சியின் இளங்குஞ்சுகள் எளிதில் கண்ணில் படாத அளவுக்குச் சிறியவை. துண்டிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு அவை பூச்சி இல்லாத தோட்டத்துக்கும் போய்ச் சேரும். ஒரு தோட்டத்து நோய்க்கு மருந்து கேட்கப் போய், வழியிலுள்ள பத்துத் தோட்டங்களுக்கு அதைப் பரப்பிவிட நேரிடும்.

இதற்கு மாற்று வழி, பயிரைத் தெளிவாகப் படம் பிடித்து அனுப்புவது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கல்யாணம், காதுகுத்துக்கென்று வாங்கிய சிறிய டிஜிட்டல் காமிரா இன்று பல வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கிறது. அதைத் தூசி தட்டி எடுத்து இந்த வேலைக்குப் பயன்படுத்தலாம். காமிரா இல்லாதவர்கள் செல்போனிலும் எடுக்கலாம். கீழே சொல்லும் முறைகளில் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

படம் ஏன் தெளிவாக இருக்க வேண்டும்?

மரவள்ளியில் இலை சுருங்குவதற்குக் காரணங்கள் பல. தேமல் நோய் கண்டால் இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, இலை சிறுத்துக் கோணலாகும். இது நச்சுயிரி நோய். விதைக்குச்சி மூலமும் வெள்ளை ஈ மூலமும் பரவும். நோய் வந்த செடியை எந்த மருந்தாலும் குணப்படுத்த முடியாது.

பப்பாளி மாவுப்பூச்சி 2008ல் கோவையில் முதலில் காணப்பட்டு, மரவள்ளிக்கும் பரவியது. இலையின் அடிப்புறத்தில் பஞ்சு போல் வெள்ளையாகப் படிந்திருக்கும். மரவள்ளி மாவுப்பூச்சி என்பது வேறு. இது 2020ல் கேரளத்தில் திருச்சூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டு, பின்னர் நம் மாவட்டங்களுக்கும் வந்தது. இது தாக்கினால் கணுக்களின் இடைவெளி குறையும், நுனி இலைகள் கொத்தாகச் சுருண்டு முட்டைக்கோசு போல் ஆகும், தண்டு வளையும். வேனிற்காலத்தில் செம்பேன் தாக்கினாலும் இலை வெளுத்து உதிரும்.

வரப்பில் நின்று எடுத்த படத்தில் இவை எல்லாம் ஒன்று போலவே தெரியும். இதைப் பார்த்து மருந்து சொன்னால் பணம் வீணாவதோடு வேறொரு கேடும் உண்டு. மரவள்ளி மாவுப்பூச்சியை அழிக்கும் அனகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவியை, பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. 1980களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியைக் காப்பாற்றியதும் இதே குளவிதான். அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரென் என்ற விஞ்ஞானி 1995ல் உலக உணவுப் பரிசு பெற்றார். கண்டபடி மருந்து தெளித்தால் முதலில் மடிவது இந்தக் குளவிதான். எனவே வயலில் இருப்பது எந்தப் பூச்சி, குளவி வேலை செய்கிறதா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

காமிராவைத் தயார் செய்தல்

நெடுநாள் கிடந்த காமிராவின் பேட்டரியை முதலில் வெளியே எடுத்துப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது. பென்சில் செல் போடும் காமிராவில் செல் கசிந்து பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், அந்தச் செல்லை நீக்கி, முனைகளைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டுப் புதுச் செல் போடவும். பழைய செல்லையும் புதுச் செல்லையும் கலந்து போடக் கூடாது.

அடுத்து தேதியும் நேரமும். பேட்டரி இல்லாமல் பல நாள் கிடந்த காமிராவில் தேதி பெரும்பாலும் பழைய ஆண்டுக்குப் போயிருக்கும். இதைச் சரிசெய்யாமல் எடுத்த படத்தை வைத்து, நோய் எப்போது தொடங்கியது, எத்தனை நாளில் பரவியது என்று கணக்கிட முடியாது. பயிர் இன்ஷூரன்ஸ் செய்தவர்களுக்கும் தேதி முக்கியம். ஆலங்கட்டி மழை போன்ற இடர் நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதி. படம் எடுத்து வைத்திருப்பது மட்டும் தகவல் தெரிவித்ததாகாது. தகவல் கொடுத்த பின் சேதத்தைக் காட்ட அது துணையாக இருக்கும்.

மெமரி கார்டில் பழைய குடும்பப் படங்கள் இருந்தால் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்பே காமிராவின் மெனுவில் உள்ள 'பார்மட்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். பார்மட் செய்தால் கார்டில் உள்ள அனைத்தும் போய்விடும். படத்தின் அளவைப் பெரியதாக வைத்துக்கொள்ளவும். ஒரு படம் நான்கு மெகாபைட் என்றாலும் 16 ஜிபி கார்டில் ஏறக்குறைய நாலாயிரம் படங்கள் கொள்ளும். ஆகவே சிக்கனம் தேவையில்லை.

வயலில் படம் எடுக்கும் முறை

காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை ஏற்ற நேரம். உச்சி வெயிலில் இலையின் பளபளப்பு வெள்ளையாக அடித்து, மாவுப்பூச்சியின் வெண்மையோடு குழம்பிவிடும். வெயில் ஏறிவிட்டால் உங்கள் நிழல் செடி மேல் முழுவதும் விழும்படி நின்றுகொண்டு எடுக்கலாம். பிளாஷை அணைத்து விடவும். மின்னல் அடையாளத்தின் மேல் கோடு போட்டிருந்தால் அது அணைந்திருக்கிறது என்று பொருள். பக்கத்தில் வைத்து எடுக்கும்போது பிளாஷ் வெளிச்சம் இலையை வெளுக்கச் செய்துவிடும்.

ஒரு கோளாறுக்கு ஐந்து படங்கள் போதும். இந்த வரிசையிலேயே எடுங்கள்.

1. ஒரு காகிதத்தில் ஊர், மரவள்ளி ரகம், நட்ட தேதி, கடைசியாகத் தெளித்த மருந்து ஆகியவற்றைப் பெரிதாக எழுதி, அதை முதலில் படம் எடுக்கவும். பின்னால் வரும் படங்கள் எந்த வயலுடையவை என்பதில் குழப்பம் இராது.

2. வயலின் தோற்றம். பாதிப்பு ஓரத்தில் மட்டும் உள்ளதா, நடுவில் திட்டாக உள்ளதா, வயல் முழுவதும் உள்ளதா என்பது தெரிய வேண்டும்.

3. ஒரு முழுச் செடி, அடி முதல் நுனி வரை. பக்கத்தில் நல்ல செடி ஒன்றும் சேர்ந்து விழுந்தால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

4. நுனிக் கொழுந்து. கணு இடைவெளி தெரியும்படி ஓர் அடி தூரத்திலிருந்து எடுக்கவும்.

5. இலையின் அடிப்புறம், மிக நெருக்கமாக. இதுதான் முக்கியமான படம்.

ஐந்தாவது படத்துக்கு, காமிராவில் பூ அடையாளம் போட்ட பொத்தானை அழுத்த வேண்டும். பக்கத்திலுள்ள பொருளைத் தெளிவாகக் காட்டும் ஏற்பாடு அது. ஜூம் செய்யக் கூடாது. ஜூமை இழுத்தால் பல காமிராக்களில் அவ்வளவு நெருக்கத்தில் படம் தெளியாது. காமிராவைக் கையால் நெருக்கமாகக் கொண்டு போவதே முறை. எவ்வளவு நெருங்கலாம் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். ஐந்து முதல் பத்து செண்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பாருங்கள். இலைக்கு அருகில் ஒரு ரூபாய் நாணயத்தையோ அடிக்கோலையோ வைத்தால் பூச்சியின் அளவு தெரியும்.

படம் எடுக்கும் பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்துவதால்தான் பல படங்கள் மங்கிப் போகின்றன. முதலில் பாதி அழுத்துங்கள். திரையில் பச்சைக் கட்டம் தெரிந்தால் காமிரா பொருளைக் கண்டுகொண்டது என்று பொருள். பிறகு மெதுவாக முழுவதும் அழுத்துங்கள். இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். காற்றில் இலை ஆடினால் இன்னொருவரைக் காம்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எடுத்ததும் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, நரம்பு தெளிவாகத் தெரியாவிட்டால் அங்கேயே மறுபடி எடுக்கவும்.

பூச்சிகளுக்கிடையே பழுப்பு நிறத்தில் இறுகிப்போன உடல்கள் உள்ளனவா, அவற்றில் வட்டமான சிறு துளை உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் தவறாமல் படம் எடுங்கள். ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து வெளியேறியதன் அடையாளம் அது. அத்தகைய வயலில் ஆலோசனை கேட்காமல் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது.

மேலும் ஒரு குறிப்பு. ஒரு பூச்சியை வெள்ளைக் காகிதத்தில் நசுக்கிப் படம் எடுக்கலாம். மஞ்சள் கறை பட்டால் பப்பாளி மாவுப்பூச்சியாகவும், இளஞ்சிவப்பாக இருந்தால் மரவள்ளி மாவுப்பூச்சியாகவும் இருக்க வாய்ப்புண்டு. பார்த்தபின் காகிதத்தை எரித்து விடவும். இனத்தை உறுதியாகச் சொல்ல நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். படம் போதாமல் மாதிரி கேட்டால், பாலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டிய பிறகே தோட்டத்தை விட்டு வெளியே எடுக்க வேண்டும்.

படத்தை அனுப்புதல்

கார்டு ரீடர் என்னும் சிறு கருவியின் உதவியால் கார்டிலிருந்து படத்தைச் செல்போனுக்கு மாற்றிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நுண்ணிய விவரங்கள் மறைந்து போகும். 'டாக்குமெண்ட்' என்ற பிரிவின் வழியாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே போய்ச் சேரும். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலர், ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம், சந்தியூர் அல்லது நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றில் ஆலோசனை பெறலாம். அலைபேசி வசதி இல்லாதவர்கள் காமிராவையே நேரில் கொண்டு வந்து காட்டலாம். அதில் பூச்சி ஒட்டிக்கொண்டு வராதபடி தோட்டத்திலேயே துடைத்துவிட்டு வரவும்.

காமிராவைப் பேணுதல்

இக்கருவிக்கு முதல் எதிரி புழுதி. பவர் போட்டவுடன் முன்னே நீளும் லென்ஸ் குழாயின் இடுக்கில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அது பாதியில் நின்றுவிடும். டிராக்டர் ஓடும் இடத்திலும், ஜவ்வரிசி ஆலையில் மாவு பறக்கும் இடத்திலும் காமிராவைத் திறக்க வேண்டாம். லென்ஸை வேட்டி நுனியாலோ துண்டாலோ துடைத்தால் கீறல் விழும். முதலில் ரப்பர் பந்து ஊதியால் தூசியை ஊதிவிட்டு, பின் மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் லேசாகத் துடைக்கவும். மருந்து தெளிக்கும்போது காமிரா வயலிலேயே இருக்கக் கூடாது.

இரண்டாவது எதிரி ஈரம். மழைக்காலத்தில் தோல் உறைக்குள்ளேயே வைத்திருந்தால் லென்ஸில் பூசணம் பிடிக்கும். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் இது வராது. அரிசியில் புதைத்து வைப்பது தவறு. அரிசி மாவு உள்ளே போகும். காமிரா நனைந்துவிட்டால் பவர் போட்டுப் பார்க்க வேண்டாம். உடனே பேட்டரியையும் கார்டையும் கழற்றி, நிழலில் காற்றாட வைக்கவும்.

மூன்றாவது வெயில். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் பம்பு செட்டின் தகரக் கூரையடியிலும் சித்திரை மாதத்தில் வைத்துவிட்டு வந்தால் பேட்டரி கெட்டுவிடும். ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தாதபோது பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றித் தனியே வைக்கவும்.

விதைக்குச்சி தேர்வுக்கும் உதவும்

நோய் வந்தபின் எடுப்பதோடு நிறுத்திவிடாமல், நட்ட இரண்டாம் மாதம் முதலே பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் நின்று அதே செடிகளைப் படம் எடுத்து வாருங்கள். அறுவடை சமயத்தில் பெரும்பாலான இலைகள் உதிர்ந்திருக்கும். தேமல் வந்த செடி எது, வராத செடி எது என்று வெறும் தண்டைப் பார்த்துக் கண்டுகொள்ள முடியாது. இலை செழித்திருக்கும்போதே தேமலும் மாவுப்பூச்சியும் இல்லாத செடிகளுக்கு வண்ணத் துணி கட்டி, எண் போட்டு, படமும் எடுத்து வைத்தால், அறுவடையன்று அந்தச் செடிகளிலிருந்து மட்டும் விதைக்குச்சி வெட்டிக்கொள்ளலாம். அடுத்த பருவத்து மரவள்ளி நல்ல குச்சியோடு தொடங்கும். மருந்துச் செலவும் குறையும்.