நம் தொகையை நாமே அறிவோம்

தாயகத்தைவிட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நாம், நம் சிறுவர்க்குத் தமிழ்க் கல்வி வேண்டி விண்ணப்பிக்கும்போது, 'இங்கே தமிழர் எத்துணைப் பேர்?' என்னும் வினாவே முதலில் எழும். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு அரசியலமைப்பின் 350ஏ பிரிவு கூறுகின்றது. எனினும், தொகையைக் காட்டினாலன்றி விண்ணப்பம் வலுப்பெறாது.

அத்தொகை, தலைமைப் பதிவாளர் அலுவலக இணையதளத்தில் உள்ள 'சி-16' என்னும் தாய்மொழி அட்டவணையில், மாவட்டவாரியாகக் கிடைக்கும். 2011ஆம் ஆண்டுக் கணக்கில், கர்நாடகத்தில் தமிழ் என்னும் தலைப்பின்கீழ் வந்தோர் சுமார் 21 லட்சம்.

ஆயினும், அக்கணக்கு அன்றைய 640 மாவட்டங்களுக்கு உரியது. 2014இல் அமைந்த தெலங்கானா அதில் தனியே இராது. ஐதராபாத்தை ஆந்திரப் பிரதேசத்தின்கீழ்த் தேட வேண்டும். ஆகவே, தொகையை வரைபடத்தில் காட்ட விழைவோர், 2011ஆம் ஆண்டு எல்லைக்கோப்பையே கொள்க. ஊர்ப்பெயரின் எழுத்து கோப்புக்குக் கோப்பு மாறும். மாவட்டக் குறியெண்ணைக் கொண்டு பொருத்துதலே நலம்.

இறுதியாக ஒன்று. குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழியே கணக்கெடுப்பில் தாய்மொழி. தெருவில் பேசும் மொழியன்று. கணக்கெடுப்பாளர் வினவும்போது, நாம் தயங்காது 'தமிழ்' என்போமாக. அன்று சொல்லாத விடையை எந்த அட்டவணையிலும் பின்னர்த் தேட இயலாது.