‘கரஸ்’ல எம்.எஸ்சி... கணிதத்தில் ராமானுஜன் பரிசு! யார் இந்த சுஜாதா ராமதுரை?

ஓசூரில் காலை ஷிப்டுக்குக் கிளம்பும் கம்பெனி பஸ்களில் இளம்பெண்கள் கூட்டத்தைப் பார்க்கலாம். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்ததும் வேலை. "டிகிரியை கரஸ்ல பார்த்துக்கலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். "கரஸ் டிகிரிக்கு என்ன மதிப்பு?" என்று கேட்பதும் அதே வீடுதான்.

பெண்களும் கணிதமும் என்றாலே இந்தப் பக்கம் சட்டென்று நினைவுக்கு வருபவர் பெங்களூருவின் சகுந்தலா தேவி. 1980-ல் லண்டனில் இரண்டு 13 இலக்க எண்களை 28 விநாடியில் மனதுக்குள்ளேயே பெருக்கியவர். பிரமிப்புதான். ஆனால், வேகமாகக் கணக்குப் போடுவது வேறு, கணித ஆராய்ச்சி வேறு.

ஓசூரிலிருந்து 40 கி.மீ.யில் இருக்கும் அதே பெங்களூருவில், செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1982-ல் பி.எஸ்சி. முடித்தவர் சுஜாதா ராமதுரை. எம்.எஸ்சி.யை நேரில் போய்ப் படிக்கவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் படித்து 1985-ல் முடித்தார். ஆமாம், நம்ம ஊர் ‘கரஸ்’தான்!

அடுத்து, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். அங்கே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவரும் ஒரு பெண்: சென்னை ஸ்டெல்லா மாரிஸில் படித்த ராமன் பரிமளா. கணிதத்துக்காக 1987-ல் பட்நாகர் விருது பெற்றவர். அந்தப் பிரிவில் இந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 1992-ல் பிஎச்.டி. பெற்ற சுஜாதாவுக்கு 2004-ல் அதே விருது கிடைத்தது. 2006-ல் இத்தாலியின் ஐ.சி.டி.பி. மையம் வழங்கும் ராமானுஜன் பரிசு. அதைப் பெற்ற முதல் இந்தியர் இவரே. பிறகு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 2023-ல் பத்மஸ்ரீ.

சரி, அவர் அப்படி என்னதான் ஆராய்கிறார்?

வீடு கட்டும்போது மேஸ்திரி 3, 4, 5 அடி அளந்து மூலைமட்டம் பார்ப்பார் இல்லையா? அந்தச் செங்கோண முக்கோணத்தின் பரப்பு 6. பக்கங்கள் முழு எண்ணாகவோ பின்னமாகவோ மட்டும் இருக்க வேண்டும் என்றால், பரப்பு 5 வருமா? வரும்: 3/2, 20/3, 41/6. பரப்பு 1? எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. 17-ம் நூற்றாண்டிலேயே ஃபெர்மா இதை நிரூபித்துவிட்டார். பார்க்க எளிதான இந்தக் கேள்வி, ‘நீள்வட்ட வளைவு’ எனும் சமன்பாடுகளில் போய் நிற்கிறது. பெயரில்தான் நீள்வட்டம், படம் வரைந்தால் நீள்வட்டம் வராது. அவற்றுக்கு எத்தனை தீர்வுகள் என்பதை அணுக உதவும் ‘இவாசாவா கோட்பாடு’தான் சுஜாதாவின் களம்.

வாட்ஸ்அப் மெசேஜ்களைப் பூட்டி அனுப்புவதும் இதே வகை வளைவு ஒன்றை வைத்துத்தான். ஓசூர் பக்கம் பெண்கள் தினமும் பாகம் பாகமாகச் செய்துகொடுக்கும் செல்போன்களுக்குள் இந்தக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பரப்பு 7-க்கும் முக்கோணம் உண்டு: 35/12, 24/5, 337/60. மேஸ்திரியின் டேப்பில் அளக்க முடியாது, அவ்வளவுதான்! எந்த எண்ணுக்கு முக்கோணம் உண்டு, எதற்கு இல்லை என்று சொல்லும் விதி மட்டும் இன்றுவரை முழுமையாக நிரூபிக்கப்படவில்லை.