உங்களுக்குத் தெரியுமா? காட்டைக் காப்பாற்றிய தூரிகை

● பாரிஸுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது ஃபோன்டேன்புளோ காடு. 19ஆம் நூற்றாண்டில் அதன் ஓரத்திலுள்ள பார்பிசான் கிராமத்தில் ஓவியர்கள் பலர் தங்கி, மரங்களை நேரில் பார்த்து வரைந்தனர்.

● அவர்களில் முன்னோடி தியோடோர் ரூசோ (1812–1867). பிரெஞ்சு ஓவியத்தில் அதுவரை பெரும்பாலும் புராண, வரலாற்றுக் காட்சிகளுக்குப் பின்னணியாக இருந்துவந்த மரத்தை, அவர் ஓவியத்தின் நாயகனாக்கினார். முதிய கருவாலி மரங்களின் முறுக்கிய கிளைகளையும் பட்டைகளையும் ஒரு மனிதரின் முகத்தை வரைவதுபோல் கூர்ந்து தீட்டினார்.

● பழமையான மரங்களை வெட்டிவிட்டு அங்கே பைன் மரங்கள் நடப்பட்டது அவரைக் கொதிக்க வைத்தது. 1847இல் மரம் வெட்டும் காட்சியை வரைந்து, ஏரோது மன்னன் பச்சிளங்குழந்தைகளைக் கொன்ற விவிலிய நிகழ்வின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

● 1852இல் காட்டைக் காக்கும்படி மூன்றாம் நெப்போலியன் அரசிடம் மனு அளித்தார். மறு ஆண்டே 624 ஹெக்டேர் வெட்டுக்கு விலக்கு பெற்றது. 1861இல் அரசாணை மூலம் அது 1,097 ஹெக்டேராக விரிந்தது.

● உலகில் சட்டப் பாதுகாப்பு பெற்ற முதல் இயற்கைப் பகுதிகளுள் இதுவும் ஒன்று. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1872இல்தான் உருவானது. அழகுக்காகவே ஒரு காட்டைக் காக்கலாம் என்பதை அரசை ஏற்க வைத்தது ஓவியர்களின் பெரும் சாதனை.