மலையடிவாரத்திற்கு ஒரு பழைய ஜீப்

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தே பொழுது விடியும் ஊர்கள் நம்முடையவை. இராசபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குச் செல்லும் வழியிலும், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்புப் பக்கத்திலும் உள்ள தோப்புகளின் அழகு நாம் அறிந்ததே. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அத்தோப்புகளுக்குச் செல்லும் பாதைகளின் நிலை, போய்வருபவர்களுக்கு மட்டுமே தெரியும். ஓடை குறுக்கிடும், செம்மண் வழுக்கும், கரிசல் மண்ணோ சக்கரத்தை அப்பிக்கொண்டு விடாது.

எங்கள் குடும்பத்திற்கும் அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு உண்டு. அதன் பொருட்டு, நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்கப் பெரியவர்கள் எண்ணியுள்ளனர். சேமிப்பின் பெரும்பகுதி அதற்குச் செலவாகும். தோப்பு வேலைக்கு வரும் ஆறேழு பேரும் அதில்தான் ஏறி இறங்க வேண்டும். இயற்பியல் மாணவன் என்ற முறையில் அதைப் பற்றி நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

சாதாரண வண்டியில் இரண்டு சக்கரங்களே இழுக்கின்றன. அவற்றின் மேல் விழும் எடைக்கு ஏற்ற உராய்வு மட்டுமே வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கும்போது வண்டியின் முழு எடையும் பயன்படுகிறது. சேற்றில் இவ்வண்டி முன்னேறுவதன் காரணம் இதுவே. இதில் மந்திரம் ஏதும் இல்லை.

“நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு எந்தப் பாதையும் பயமில்லை” என்று பலர் கூறுவர். ஈண்டு நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பிரேக் என்பது எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களையும்தான் பிடிக்கிறது. ஆகவே, வழுக்கும் சரிவில் பிரேக் போட்டு நிறுத்தும்போது ஜீப்புக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. தேரோட்டத்தைப் பாருங்கள்! வடம் பிடித்து இழுப்போர் வேறு; சக்கரத்திற்கு முட்டுக்கட்டை போடுவோர் வேறு. இழுக்கும் ஆற்றல் கூடியதனால் நிறுத்தும் ஆற்றல் கூடிவிடாது. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் மெல்ல இறங்கினால் என்ஜினே நான்கு சக்கரங்களையும் பிடித்துக்கொள்ளும் என்பது மட்டும் உண்மை. அதுவும் மெதுவாகச் செல்பவனுக்கே உதவும்.

பனி கொட்டும் நாடுகளிலும் இதே நிலைதான். 1980இல் வெளிவந்த ஆடி குவாட்ரோ முதலாக, நான்கு சக்கரங்களும் இழுக்கும் விரைவுக் கார்கள் அங்கே புகழ் பெற்றன. ஆயினும் அறிந்தோர் முதலில் பார்ப்பது டயரைத்தான். சுவீடனில் டிசம்பர் முதல் நாள் தொடங்கி மார்ச் இறுதி வரை, சாலையில் பனி நிலவும்போது, குளிர்காலத்திற்குரிய டயர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். மண்ணோ பனியோ, தரையைத் தொடுவது டயர் ஒன்றே அன்றோ?

இனி, வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

முதலாவது, அது மெய்யாகவே நான்கு சக்கர இயக்கம் உடையதா? 1947இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டிக்கொடுக்கத் தொடங்கிய மகிந்திரா நிறுவனம், பின்னாளில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வகைகளையும் விற்றது. தோற்றத்தை நம்பலாகாது. குனிந்து, முன் அச்சில் டிஃபரன்ஷியல் உருண்டை உள்ளதா, அதற்குச் சுழல்தண்டு செல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நான்கு டயர்களும் ஒரே அளவா? பழைய ஜீப்புகளில் நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டினால் முன் தண்டும் பின் தண்டும் ஒரே வேகத்தில் சுழலும். டயர்களின் அளவு வேறுபட்டால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கித் தேயும். காய்ந்த தார்ச் சாலையில் இவ்வியக்கத்தைப் பூட்டக்கூடாது என்பதும் இதனாலேயே. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் செல்கின்றன. மண் தரையில் சக்கரம் சற்றே வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிசெய்யும். தார்ச் சாலை இடம் கொடாது. எனவே ஓட்டிப் பார்ப்பதை ஈர மண்ணில் செய்ய வேண்டும்.

மூன்றாவது, அடிச்சட்டம். ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியில் துரு அங்கேதான் குடியிருக்கும். புதிய பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தால் அதனடியில் வெல்டிங் ஒட்டு உண்டா என்று கூர்ந்து நோக்க வேண்டும்.

நான்காவது, ஆவணம். சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். விற்பவர் கையெழுத்திட்ட 29, 30ஆம் எண் படிவங்களும், பழைய கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான 35ஆம் எண் படிவமும் வேண்டும். கண்ணைக் கவரும்படி உருமாற்றிய ஜீப்புகளும் சந்தைக்கு வருகின்றன. பதிவிலுள்ள விவரங்களினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு தடுக்கிறது. அழகுக்கு ஆசைப்பட்டு வழக்கை வாங்குவானேன்?

என் வீட்டாருக்கு நான் சொல்லியிருப்பது இதுதான்: விலை பேசும்போதே நான்கு நல்ல டயர்களுக்கும் பிரேக் வேலைக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். அதற்குப் பணம் போதாதெனில், இன்னும் குறைந்த விலை வண்டியைப் பாருங்கள். அல்லது அடுத்த மழைக்காலம் வரை பொறுங்கள். தோப்புக்குப் போய்ச் சேர்வது பாதி வேலைதான். காலையில் ஏற்றிச் சென்றவர்களை மாலையில் அவரவர் வாசலில் நலமாக இறக்கிவிடும் வண்டியே நல்ல வண்டி!